பே ஸ்லிப்பில் வராத கழிவு

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பே ஸ்லிப் வந்ததும் பென்ஷனுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 2019 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட வரம்புக்குள் வரும் சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம் சேர வேண்டும். அதில் 3 சதவீதமாவது முதலாளியின் பங்கு. சேர்ந்த பணத்திலிருந்து நிதி நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கட்டணம் மட்டும் அந்தத் தாளில் வராது. யூனிட் விலையிலேயே சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

10,000 பவுண்டு 30 ஆண்டு கிடக்கிறது, ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 0.3 சதவீதம் என்றால் முடிவில் ஏறத்தாழ 39,700 பவுண்டு. 1.3 சதவீதம் என்றால் 29,700தான். வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். போனது, போட்ட முதலுக்குச் சமமான தொகை!

வேலையிடத்துத் திட்டங்களின் டிஃபால்ட் ஃபண்டில் கட்டணம் ஆண்டுக்கு 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2015 ஏப்ரலில் உச்சவரம்பு வந்தது. பங்குகளை வாங்கி விற்கும் செலவு இதில் சேராது. நீங்களாகத் தேர்ந்தெடுத்த வேறு ஃபண்டுக்கும், முன்பு எப்போதோ தனியாக எடுத்துவைத்த பழைய பென்ஷனுக்கும் இந்தக் காவல் இல்லை. மறந்துபோன அந்தப் பழைய கணக்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முகவரி தொலைந்திருந்தால் அரசின் பென்ஷன் டிரேசிங் சர்வீஸ் இலவசமாகக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் எல்லாவற்றையும் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடாதீர்கள். சில பழைய திட்டங்களில் உத்தரவாத ஓய்வூதிய விகிதம் இருக்கும். வெளியேறினால் அது போய்விடும்.

கட்டணத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பணம் எங்கே போடப்படுகிறது என்பது. பல திட்டங்கள் ஓய்வு நெருங்க நெருங்கப் பங்குகளிலிருந்து கடன் பத்திரங்களுக்குத் தாமாகவே மாற்றிவிடும். மொத்தப் பணத்தையும் கொடுத்து ஆயுள் ஓய்வூதியம் வாங்கும் காலத்துக்கு அது பொருந்தியது. பணத்தை விரும்பியபடி எடுக்க அனுமதி வந்த 2015க்குப் பிறகு அப்படி வாங்குவோர் வெகுவாகக் குறைந்துவிட்டனர்; பல ஃபண்டுகள் பழைய வழியிலேயே போயின. 2022இல் வட்டி விகிதம் ஏறியபோது பிரிட்டனின் நீண்டகால அரசுப் பத்திரங்கள் ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தன. 'பாதுகாப்பான' இடம் என்று அங்கே மாற்றப்பட்டிருந்தவர்கள், ஓய்வுக்கு ஓரிரு ஆண்டே இருக்கையில் அடிவாங்கினார்கள். ஆகவே உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும் ஓய்வு வயது எது, அப்போது பணத்தை எப்படி எடுப்பீர்கள் என்று நிதி நிறுவனம் எண்ணியிருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் மாற்றச் சொல்லலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு பென்ஷன் வைஸ் இலவச வழிகாட்டல் தருகிறது.

'55 வயதுக்கு முன்பே எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது ஃபோன் செய்தால் வைத்துவிடுங்கள். கடும் நோய் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அப்படி எடுத்த தொகையில் 55 சதவீதம் வரை வரியாகப் போகலாம். 2028 ஏப்ரலில் அந்த வயதும் 57 ஆகிறது.

லாபம் குறைந்துவிட்டது என்பது மட்டும் புகாருக்குப் போதாது. தவறான தகவல் தந்தது, சொல்லாத கட்டணம் பிடித்தது, பணத்தை மாற்ற இழுத்தடித்தது ஆகியவற்றுக்கு முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் பென்ஷன்ஸ் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் போகக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.