பழைய டெலஸ்கோப்புக்கு ஒரு சிவப்புப் புள்ளி

பல பள்ளிக்கூட அலமாரிகளிலும் சில வீட்டுப் பரண்களிலும் ஒரு டெலஸ்கோப் தூங்கிக் கொண்டிருக்கும். வாங்கிய புதிதில் நிலாவைப் பார்த்திருப்பார்கள். பிறகு சனியின் வளையத்தைத் தேடியிருப்பார்கள். கண்ணில் பட்டதெல்லாம் வெறும் இருட்டு. "லென்ஸ் சரியில்லை" என்று முடிவு கட்டி மூடி வைத்திருப்பார்கள். உண்மையில் லென்ஸில் கோளாறு எதுவும் இராது. குறி பார்க்க உதவும் சின்னக் குழாய்தான் பயனற்றதாக இருக்கும். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு நவீன சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒன்றைப் பொருத்தினால், பழைய டெலஸ்கோப் மீண்டும் உயிர் பெறும். அதை எப்படிச் செய்வது, கம்ப்யூட்டர் இதில் எப்படி உதவும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பேரையூர் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மதுரை நகரின் விளக்கு வெளிச்சம் குறைந்து, மேற்குத் தொடர்ச்சி மலை அருகே வரும் பகுதி இது. நகரவாசிகளுக்குக் கிடைக்காத இருண்ட வானம் இங்கே மொட்டை மாடியிலேயே கிடைக்கிறது.

ஏன் எதுவும் தெரிவதில்லை?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வீடுகளில் அதிகம் காணப்படும் டெலஸ்கோப் 60 மி.மீ. முகப்பு லென்ஸும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்டது. இதில் 20 மி.மீ. கண்லென்ஸைப் போட்டால், 700ஐ 20ஆல் வகுக்க, 35 மடங்கு பெரிதாகத் தெரியும். அப்போது கண்ணுக்குத் தெரியும் வானத்தின் அகலம் ஏறத்தாழ 1.4 டிகிரி. கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவுதான்.

தலைக்கு மேலே தெரியும் அரைக்கோள வானத்தை இந்த அளவு வட்டங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ 13 ஆயிரம் துண்டுகள் வரும். அதில் ஒரு துண்டில்தான் சனி இருக்கிறது. குத்துமதிப்பாகத் திருப்பித் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதற்காகத்தான் பெரிய குழாயின் மேல் ஒரு சின்னத் துணைக் குழாயை வைக்கிறார்கள். விலை குறைந்த டெலஸ்கோப்புகளில் இது 5 மடங்கு பெரிதாக்கும் 24 மி.மீ. குழாயாக இருக்கும். படம் மங்கலாகவும் தலைகீழாகவும் தெரியும். நீங்கள் இடப்பக்கம் தள்ளினால் நட்சத்திரம் வேறு பக்கம் ஓடும். பத்து வயதுப் பையனுக்கு இதில் பொறுமை எப்படி இருக்கும்?

துப்பாக்கியிலிருந்து வந்த யோசனை

சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி முதலில் வளர்ந்தது துப்பாக்கி உலகத்தில். பழைய கைத்துப்பாக்கியில் குறி பார்க்க, பின்பக்கம் ஒரு பள்ளமும் முன்பக்கம் ஒரு முனையும் இருக்கும். பள்ளம், முனை, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் மூன்று வேறு தூரங்களில் இருக்கின்றன. நம் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முன்முனையே மங்கிவிடும்.

இதற்கு விடை கண்டவர் துப்பாக்கி செய்பவர் அல்ல, டெலஸ்கோப் செய்பவர்! அயர்லாந்தின் டப்ளின் நகரத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900ஆம் ஆண்டில் பிரதிபலிப்புக் குறிகாட்டிக்குக் காப்புரிமை கோரினார். இவருடைய நிறுவனத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜியின் பெயரில் பூனாவில் இயங்கிய வானாய்வகத்துக்கு 20 அங்குல டெலஸ்கோப்பைச் செய்து கொடுத்தது கிரப் நிறுவனம்தான். அந்த ஆய்வகம் 1912ல் மூடப்பட்டபோது கருவிகள் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தன.

கிரப்பின் யோசனை முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் விமானத் துப்பாக்கிகளுக்குப் போனது. 1975ல் சுவீடனைச் சேர்ந்த எய்ம்பாயின்ட் நிறுவனம் எல்.இ.டி. விளக்கை வைத்துச் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பழைய கைத்துப்பாக்கிகளில் இதைப் பொருத்த மூன்று வழிகள் உள்ளன. மேல்பகுதி உலோகத்தைக் கடைந்து இடம் செய்வது ஒன்று. பின்பக்கப் பள்ளத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு தகட்டைச் செருகுவது இரண்டாவது. அசையாத அடிச்சட்டத்திலிருந்து தனித் தாங்கி கொடுப்பது மூன்றாவது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பிஸ்டலின் மேல்பகுதி வேகமாகப் பின்னால் போய் வருவதால், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் குறிகாட்டி அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஆகவே துப்பாக்கிக்கான குறிகாட்டியை மிக உறுதியாகச் செய்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். இன்னொரு செய்தி: சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் பிஸ்டல் போட்டிகளில் ஒளியியல் குறிகாட்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒலிம்பிக் வீரர்கள் இன்றும் பழைய பள்ளம், முனை முறையில்தான் குறி பார்க்கிறார்கள்.

டெலஸ்கோப்பில் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. அதிர்ச்சி இல்லை, உரிமம் இல்லை. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

எப்படி வேலை செய்கிறது?

குறிகாட்டிக்குள் ஒரு சின்னச் சிவப்பு எல்.இ.டி. இருக்கிறது. அதற்கு முன்னால், சற்று உட்குழிந்த ஒரு கண்ணாடித் தகடு. எல்.இ.டி.யின் புள்ளி சரியாக அந்தக் கண்ணாடியின் குவியத்தில் வைக்கப்பட்டிருக்கும். குவியத்திலிருந்து புறப்படும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது இணைக்கதிர்களாக மாறிவிடும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இணைக்கதிர்கள் கண்ணுக்கு வந்தால், அந்தப் புள்ளி வெகு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். நட்சத்திரமும் வெகு தூரத்தில்தான் இருக்கிறது. எனவே இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் புள்ளி நட்சத்திரத்தை விட்டு விலகாது.

கண்ணாடி முழுவதையும் பிரதிபலிப்பதில்லை. பெரும்பாலான வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, சிவப்பை மட்டும் ஓரளவு திருப்புகிறது. ஆகவே வானம் வழக்கம்போலத் தெரியும். அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு மிதக்கும். புள்ளி வானத்தின்மேல் வீசப்படுவதில்லை, உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பெரிதாக்கல் இல்லை. தலைகீழாவதும் இல்லை. இரண்டு கண்களையும் திறந்தே பார்க்கலாம்.

சிவப்பு நிறம் என்பதற்கும் காரணம் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மங்கலான சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. டெலஸ்கோப்புக்கென்றே செய்த குறிகாட்டியை வாங்குங்கள். துப்பாக்கிக்கான மலிவுப் பதிப்புகளும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவை பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. இரவில் அவற்றின் புள்ளி மங்கலான நட்சத்திரங்களை மூழ்கடித்துவிடும்.

2. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். மிகக் குறைந்த நிலையில் புள்ளி அரைகுறையாகத் தெரிந்தால் நல்லது.

3. கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். தூரத்திலுள்ள செல்போன் டவரின் உச்சியில் புள்ளியை வைத்துத் தலையை இடவலமாக அசைக்கவும். புள்ளி உச்சியிலேயே நின்றால் சரி. ஓடினால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

4. பேட்டரி சி.ஆர். 2032 வகையா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் அதே 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் இது. எந்த ஊரிலும் கிடைக்கும்.

பொருத்தும் முறை

முதலில் பழைய துணைக் குழாயைத் தாங்கியோடு கழற்றவும். குழாயில் இரண்டு ஸ்குரூ துளைகள் இருக்கும். புதிய குறிகாட்டியின் அடித்தாங்கியிலுள்ள துளைகள் அவற்றோடு பொருந்தினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் பொருந்தாது! துளைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

அவசரப்பட்டு டிரில்லிங் மெஷினை எடுக்க வேண்டாம். உலோகத் தூள் உள்ளே விழுந்தால் லென்ஸில் கீறல் விழும். அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். மோட்டார் பம்ப் செட் சாமான்கள் விற்கும் கடையில் ஹோஸ் கிளிப் கிடைக்கும். டெலஸ்கோப் குழாயைச் சுற்றி வரும் அளவில் இரண்டு வாங்குங்கள். குழாயின்மேல் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்து, அதன்மேல் குறிகாட்டியின் அடித்தாங்கியை வைத்து, இரு முனைகளிலும் கிளிப்பால் இறுக்கவும். அசையாமல் இருந்தால் போதும். அளவுக்கு மேல் இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கிவிடும்.

எந்த இடத்தில் வைப்பது? கண்லென்ஸுக்குப் பக்கத்தில், தலையை அதிகம் நகர்த்தாமல் எட்டிப் பார்க்கும் இடத்தில் வைக்கவும். டெலஸ்கோப் உச்சிவானத்தைப் பார்க்கும்போது குறிகாட்டிக்குப் பின்னால் உங்கள் தலை நுழையுமா என்றும் யோசித்துக் கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து உயர்த்தலாம்.

சீர் செய்வது

இதைப் பகலிலேயே செய்துவிட வேண்டும். ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. ஒரு கணம் பார்த்தாலும் பார்வை போகும். காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் உள்ள இலக்கையே தேர்ந்தெடுங்கள். பேரையூர்க்காரர்களுக்குக் காலை நேரத்தில் மேற்கு மலைத்தொடரின் ஏதாவது ஒரு முகடு வசதியாக இருக்கும்.

1. பெரிதாக்கல் குறைந்த கண்லென்ஸைப் போட்டு இலக்கை நடுவில் கொண்டுவரவும். டெலஸ்கோப்பை அசையாமல் பூட்டவும்.

2. குறிகாட்டியை ஆன் செய்து பார்க்கவும். புள்ளி வேறு எங்கோ இருக்கும். குறிகாட்டியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று மேல் கீழாகவும் மற்றொன்று இட வலமாகவும் நகர்த்தும். புள்ளியை அதே இலக்கின்மேல் கொண்டுவரவும்.

3. இப்போது பெரிதாக்கல் அதிகமுள்ள கண்லென்ஸைப் போட்டு மறுபடி சரிபார்க்கவும்.

இலக்கு குறைந்தது 1 கி.மீ. தூரத்தில் இருக்கட்டும். குறிகாட்டி, டெலஸ்கோப்பின் நடுக்கோட்டிலிருந்து 10 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக் கொள்வோம். 20 மீட்டர் தூரத்து மின்கம்பத்தை வைத்துச் சீர் செய்தால் ஏறத்தாழ 0.3 டிகிரி பிழை வரும். நிலாவின் அகலமே அரை டிகிரிதான். 1 கி.மீ. தூரத்து இலக்கில் இந்தப் பிழை மறைந்தே போகும்.

இரவில் நிலாவையோ பிரகாசமான கிரகத்தையோ வைத்து இன்னொரு முறை சரி பார்க்கவும். வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் நகர்வதால், நிதானமாகத் திருகிக் கொண்டிருந்தால் இலக்கு ஓடிவிடும். நகராத இலக்கு வேண்டுமானால் துருவ நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் பேரையூரில் அது வடக்கு அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் அது. மரமோ வீடோ மறைக்காத மாடி தேவை.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இதை நிறுவியதும் எப் 6 கீயை அழுத்துங்கள். இடத்தைக் கேட்கும் விண்டோ வரும். பட்டியலில் உங்கள் ஊர் இல்லாவிட்டால் அட்சரேகை 9.7 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை 77.8 டிகிரி கிழக்கு என்று கொடுக்கவும். பேரையூருக்கு இது போதும். எப் 5 கீ தேதியையும் நேரத்தையும் மாற்ற உதவும். எப் 3 கீயை அழுத்திச் சனி, வியாழன் என எதை வேண்டுமானாலும் தேடலாம். சி கீயை அழுத்தினால் நட்சத்திரக் கூட்டங்களின் கோடுகள் தெரியும்.

மாடிக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனால் கன்ட்ரோல் கீயுடன் என் கீயை அழுத்துங்கள். திரை முழுவதும் சிவப்பாகிவிடும். இருட்டுக்குப் பழகிய கண் தப்பிக்கும். லேப்டாப் இல்லையென்றால் மாலையிலேயே பார்த்து ஒரு தாளில் குறித்துக் கொள்ளலாம். எந்தப் பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எத்தனை விரல் தள்ளி என்று எழுதிக் கொண்டாலே போதுமானது.

முதல் இரவுக்கு எளிய இலக்குகள்: வியாழனும் அதன் நான்கு பெரிய நிலவுகளும், கார்த்திகைக் கூட்டம், பனிக்காலத்தில் மிருகசீரிடத்துக்குக் கீழே தெரியும் ஓரியன் ஒண்முகில். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டி, கோடுபோல மெலிந்துவிட்டன. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருகின்றன.

சில சந்தேகங்கள்

மதுரை நகரத்துக்குள் இது பயன்படுமா? ஓரளவுதான். சிவப்புப் புள்ளி எதையும் பெரிதாக்காது. வெறும் கண்ணுக்கு நட்சத்திரமே தெரியாத இடத்தில் புள்ளியை எதன் பக்கத்தில் வைப்பது? அங்கே 6 மடங்கு பெரிதாக்கும் 30 மி.மீ. துணைக் குழாய்தான் மேல். வெளிச்சம் குறைந்த ஊர்களில் சிவப்புப் புள்ளி வெல்லும்.

குறைந்த நிலையிலும் புள்ளி கண்ணைப் பறிக்கிறதே? பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் வெளிச்சம் குறையும். பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் போன்ற 100 கிலோ ஓம் பாட் ஒன்றைப் போட்டால் வேண்டிய அளவுக்குத் திருகிக் கொள்ளலாம். சால்டரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

ஒரே இரவில் பேட்டரி தீர்ந்துவிட்டதே? குறிகாட்டி எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பெரும்பாலும் ஆப் செய்ய மறந்து பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள். பகலில் புள்ளி எரிவது தெரியாது. மூடி போடும்போதே சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். கூடவே ஒரு பட்டன் பேட்டரியை டேப் போட்டு டெலஸ்கோப் பெட்டியிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். பள்ளிக்கூட டெலஸ்கோப் என்றால் இது கட்டாயம். ஐம்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது பேட்டரி தேடி ஓட முடியாது.