இரண்டாவது கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: “இந்தப் படிப்பு இங்கேயே இல்லையாப்பா?”

“இருக்குங்க சார். ஆனா நல்ல காலேஜ்ல எம்.டெக். சேர கேட் தேர்வுல பெரிய ரேங்க் வேணும். அங்க டிகிரி மார்க்கும் ஐஇஎல்டிஎஸ்ஸும் இருந்தா எடுத்துக்குவாங்க” என்பார்கள். ஆய்வகம், பாடத்திட்டம், பேராசிரியர் என்று இன்னும் சில காரணங்கள் வரும். எல்லாம் உண்மைதான். கூட வரும் அப்பாவின் கேள்வி மட்டும் வேறு: “முடிச்சதும் அங்க எத்தனை வருஷம் வேலை பார்க்க விடுவாங்க?”

விஷயமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பொறியியல், கணினி போன்ற படிப்புகளை முடித்தவர்கள் மாணவர் விசாவிலேயே மூன்று வருஷம் வரை வேலை பார்க்கலாம். இதை ஓபிடி என்பார்கள். 2023-24இல் அங்கிருந்த இந்திய மாணவர்கள் 3.31 லட்சம் பேர்; சீனாவை முந்தி முதலிடம். அவர்களில் ஏறத்தாழ 97 ஆயிரம் பேர் படிப்பை முடித்து ஓபிடியில் இருந்தவர்கள்.

வேலை ஏன் அவ்வளவு முக்கியம்? 40 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 54 ஆயிரம் கட்ட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கிடையாதுதான். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதை இதில் சேர்க்கவில்லை. இங்கே ஐடி கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஆண்டுச் சம்பளமே பெரும்பாலும் மூன்றரை லட்சம் அளவில்தான். டாலரில் சம்பாதித்தால்தான் கடன் அடையும். வேலையை நம்பிப் போகிறார்கள். போக வாங்கிய கடனே ஊர் திரும்ப விடாமலும் பிடித்துக்கொள்கிறது. ஓபிடி முடிந்தால் எச்-1பி விசா வேண்டும். அது குலுக்கல், உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 85 ஆயிரம்தான் ஒதுக்கீடு.

ஒருநாள் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். மெக்கானிக்கல் முடித்த பையன். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் எம்.எஸ். இடம் கிடைத்திருந்தது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ‘பிளாக்டு அக்கவுன்ட்’டில் போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோ வீதம் பையன் கைக்கு வரும். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

மஞ்சள் பையில் வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் இருந்தன. 25 லட்சம் வரை தரலாம் என்றேன். பன்னிரண்டு போதும் என்றார்.

“பையன் வேலை கெடைக்காம திரும்பி வந்துட்டாலும் தேங்காய் வித்து அடைச்சுப்போடலாங்க. அதுக்கு மேல வேண்டாமுங்க.”

வேலை கிடைத்தால் எப்படி அடைப்பது என்ற கணக்கை எல்லோரும் போட்டுக்கொண்டு வருவார்கள். கிடைக்காவிட்டால் என்ன என்ற இரண்டாவது கணக்கையும் போட்டுக்கொண்டு வந்தவர்களை என் சர்வீஸில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பையன் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவைச் சந்தையில் பார்த்தால் தேங்காய் விலைதான் பேசிக்கொள்கிறோம்.