ஒரு காலைப் பொழுதில் ஹிரா

உம்ராப் பயணத்தில் புனித மக்காவில் நாம் தங்குவது பெரும்பாலும் ஏழெட்டு நாட்களே. அவற்றுள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ அருளப்பெற்ற ஹிராக் குகையைக் கண்டுவர விழையாதார் யார்? ஆயினும், ஹரம் ஷரீஃபில் ஒரு தொழுகைக்கு இலட்சம் தொழுகையின் நன்மை என்றிருக்க, மலையேற்றத்திற்காக ஒரு வக்து ஜமாஅத்தை இழப்பது அறிவுடைமையாகாது.

ஸுப்ஹுக்கும் லுஹருக்கும் இடையே கடமையான தொழுகை இல்லை. அந்த இடைவெளியே நமக்குரியது. ஹரமில் ஸுப்ஹு தொழுததும் அறைக்குத் திரும்பாமல் நேரே டாக்ஸி பிடித்துவிட வேண்டும். வடகிழக்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் ஜபலுன் நூர் மலை இருக்கிறது. ஏற ஒரு மணி நேரம், மேலே அரை மணி, இறங்க முக்கால் மணி என்று கணக்கிட்டால் வெயில் ஏறுமுன் அடிவாரம் வந்துவிடலாம்.

இக்கணக்கை நான் கற்றது ஒரு தவற்றினால். முதல் உம்ராவின்போது, "பசியாறிவிட்டுப் போவோம்" என்று உம்மாவிடம் சொன்னவன் நானே. ஏறத் தொடங்குகையில் மணி ஒன்பது. மரநிழல் ஏதுமற்ற மொட்டைப் பாறை. படிகளோ ஆயிரத்திற்கும் அதிகம், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பாதி வழியில் உம்மாவுக்குத் தலை சுற்றியது. இறங்கிவிட்டோம். மறுநாள் மதீனாவுக்குப் புறப்பாடு. பின்னர் அவர்களுக்கு அந்த நஸீப் வாய்க்கவே இல்லை.

மக்காவின் வெயிலை நம்மூர் வெயிலென எண்ணலாகாது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது வெப்பம் 50 பாகையைக் கடந்தது; 1,300 பேர் வரை உயிரிழந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிராவில் தங்குவதற்கு உணவு எடுத்துச் சென்றார்கள்; தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் பெற்றுச் செல்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. வெறுங்கையோடு ஏறுவது தவக்குல் அன்று. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது, சில பேரீச்சம்பழங்கள், வழுக்காத காலணி ஆகியன வேண்டும். தின்பண்டத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள். மலையில் குரங்குகள் உண்டு, பறித்துவிடும்.

முழங்கால் வலியுள்ளோரும் இதயநோயாளரும் ஏற வேண்டாம். இது உம்ராவின் கிரியைகளில் சேர்ந்ததன்று. அடிவாரத்தில் 2023இல் திறக்கப்பட்ட ஹிரா வளாகத்தில் வஹீயின் வரலாற்றைக் கூறும் கண்காட்சி உண்டு. அவர்கள் அங்கே அமர்ந்திருக்கலாம். தெற்கே உள்ள தௌர் மலை இதனினும் உயரம். அதையும் அன்றே பார்த்துவிடலாம் என்று அழைப்போர் இருப்பர், இணங்காதீர்கள்.

உச்சியை அடைந்தபின், மறுபுறம் சற்றே இறங்கினால்தான் குகை. உள்ளே நீளம் சுமார் 12 அடி, அகலம் 5 அடி. அங்கே தொழவேண்டும் என்று மார்க்கத்தில் கட்டளை இல்லை. வரிசையை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் நின்றால் பின்னால் வெயிலில் காத்திருப்போரும் யாரோ ஒருவரின் உம்மாவே.