தலையில் தோன்றிய கட்டி முதுகில் முளைப்பதேன்?

தலையில் கட்டி கண்ட குழந்தைக்கு முதுகெலும்பு நெடுகிலும் கதிர்ச் சிகிச்சை அளிக்க வேண்டுமென்று டாக்டர் கூறும்போது பெற்றோர் திகைப்பது இயல்பே. "நோய் தலையில் அல்லவா? முதுகைத் தொடுவானேன்?" என்று கேட்பர். இதற்கு விடை காண, மூளையைச் சூழ்ந்தோடும் நீரைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும்.

மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்ப் பின்னல்கள் தெளிந்த நீர் போன்ற திரவமொன்றைச் சுரக்கின்றன. இதனை மூளைத் தண்டுவடத் திரவம் என்பர். வளர்ந்த மனிதரிடம் ஒரே சமயத்தில் இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். ஆயினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. பழையது இரத்தத்தில் கலக்க, புதியது ஊறிய வண்ணம் இருக்கிறது. நான்காம் அறையிலிருந்து வெளிப்படும் இத்திரவம் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, இடுப்பின் கீழ்ப்பகுதி வரை செல்கிறது.

அந்த நான்காம் அறையை ஒட்டியே சிறுமூளை அமைந்துள்ளது. அங்கே பெரும்பாலும் குழந்தைகளுக்குத் தோன்றும் ஒரு புற்றுக்கட்டிக்கு மெடுலோபிளாஸ்டோமா என்று பெயர். பெய்லி, குஷிங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1925-ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினர். இக்கட்டியிலிருந்து உதிரும் அணுக்கள் திரவத்தில் மிதந்து கீழே இறங்கித் தண்டுவடத்தின்மீது படிகின்றன. மேட்டில் உதிர்ந்த களையின் விதை ஓடை நீரில் மிதந்து வந்து பள்ளத்தில் முளைப்பதைத் தோட்டத்தில் வாழும் நாம் கண்டதில்லையா? அதைப் போன்றதே இதுவும். மூளைக் கட்டிகள் யாவும் இவ்வாறு பரவுவதில்லை. இது பரவும் இயல்புடையது.

ஆகவே, தலையிலுள்ள கட்டியை மட்டும் அகற்றினால் போதாது. 1953-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த பேட்டர்சன், ஃபார் என்னும் இருவர், மூளைக்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் செலுத்திக் கண்ட நற்பலனை வெளியிட்டனர். அதற்கு முன் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று முதுகு முழுவதையும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து, இடுப்பில் ஊசியிட்டு எடுத்த திரவத்தையும் சோதித்த பின்னரே கதிரின் அளவை நிர்ணயிக்கின்றனர். மருந்துச் சிகிச்சையும் உடன் சேர்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளரும் மூளையைக் கதிர் பாதிக்குமாதலால், அவர்களுக்கு இயன்றவரை மருந்தையே நாடுகின்றனர். முறையாகச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். பரவுமுன் கண்டறிந்தால் நம்பிக்கை இன்னும் அதிகம்.

இங்கேதான் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கடமை உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, தள்ளாடும் நடை ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால், பள்ளிக்கு வர மனமில்லாத பிள்ளையின் சாக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. கட்டி கண்ட பிள்ளைக்கு முதுகுவலியோ, கால் தளர்ச்சியோ, சிறுநீர் கழிப்பதில் தொல்லையோ ஏற்பட்டால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. முதுகுக்குச் சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் அஞ்ச வேண்டாம். நீர் சென்ற வழி நெடுகிலும் களையெடுக்கிறார் என்று அறிக.