செவிக்கு இனிய சிந்தனை

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் நஞ்சன்கூடு. இங்குள்ள ஸ்ரீகண்டேசுவரர் கோயிலின் பெரிய தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் உலா வருகின்றன. அவற்றுள் ஒரு தேரில் ஆண்டுதோறும் பழுதான ஒரு மரத்துண்டை நீக்கிப் புதியது பொருத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலப்போக்கில் எல்லாத் துண்டுகளும் மாறிவிட்டால், நிற்பது பழைய தேரா, புதிய தேரா?

இது மெய்யியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதனைத் தீசியசு என்னும் வீரனின் கப்பலை வைத்து எழுதினார். ‘அடையாளம் பற்றிய கோட்பாடு’ என்று ஒருவர் பேசத் தொடங்கினால் பலர் எழுந்து சென்றுவிடுவர். தேரைச் சொல்லித் தொடங்கினால் காதுகொடுத்துக் கேட்பர். மெய்யியலும் உளவியலும் பேசும் பாட்காஸ்ட், அதாவது வலையொலி, எளிய மக்களுக்கும் சுவைப்பது இதனால்தான். அது கண்ணால் கண்ட பொருளிலிருந்து காணாத கருத்துக்கு அழைத்துச் செல்கிறது.

அறிவை ஒலியாக மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி மைசூருக்குப் புதிதன்று. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஆகாசவாணி’. பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றது. தமிழில், சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ பெரும்புகழ் பெற்றது. சில நிமிடங்களில் ஒரு கருத்தைக் கூறி, நகைச்சுவைக் கதையுடன் அவர் முடிப்பார். கேட்டவர் சிரித்தனர், பின்னர்ச் சிந்தித்தனர்.

நூலைப் படிப்பவர் விளங்காத வரியை மீண்டும் படிக்கலாம். வலையொலியைக் கேட்பவரோ சமைத்துக்கொண்டோ, பேருந்தில் பயணம் செய்துகொண்டோ இருப்பார். ஆகவே நல்ல பேச்சாளர் ஒரு நேரத்தில் ஒரு கருத்தையே எடுத்துரைப்பார். புதிய சொல் வரும்போது உடனே பொருள் கூறுவார். இருவர் உரையாடினால் இன்னும் நன்று. ஒருவர் கூறுவதை மற்றவர் இடைமறித்து, “அது எப்படி?” என்று கேட்கும்போது, கேட்பவரின் ஐயமும் அங்கே ஒலிக்கிறது. ஆய்வில் அறிந்தது எது, தம் சொந்தக் கருத்து எது என்று பிரித்துக் கூறுபவரை மக்கள் நம்புவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல வலையொலி முடிவை முழுவதும் தானே கூறிவிடாது. வினாவைக் கேட்பவரிடம் ஒப்படைக்கும். தேரைப் பற்றிய வினா தேரோடு நின்றுவிடுவதில்லை. பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பத்தில் ஒரு சிறுமி வளர்கிறாள். அவளுடைய பள்ளி மாறியது, தெரு மாறியது, விளையாட்டுத் தோழிகள் பேசும் மொழி கன்னடமாயிற்று. வீட்டில் மட்டும் தமிழ் ஒலிக்கிறது. அவள் பழைய சிறுமிதானா? எது மாறியது? எது மாறவில்லை? இதற்கான விடையை எந்தப் பேச்சாளரும் அவளுக்காகக் கூற இயலாது. ஆனால் அவ்வினாவை அவளுக்குத் தெரிந்த மொழியில் எழுப்ப இயலும்.

சிந்தித்து எழுதுக: பாட்டி பயன்படுத்திய ஒரு பொருள் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் வீட்டில் உள்ளது. அது அதே பொருள்தானா? தோழருடன் உரையாடி, இருவர் கருத்தையும் ஐந்து வரிகளில் எழுதுக.