இணைச் சொற்கள் நிற்க வேண்டிய இடம்

பண்டமாரானிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் வளரும் நம் பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் கிள்ளான் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை கேட்டு விண்ணப்பம் எழுதுகின்றனர். பல இடங்களில் அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. முகம் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் அதிகாரி பார்க்கிறார். ஆகவே அதில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை இன்று கவனிப்போம்.

'போத் – அண்ட்', 'ஐதர் – ஓர்', 'நைதர் – நோர்', 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ' ஆகியவை ஆங்கிலத்தில் இணையாக வரும் சொற்கள். இவற்றை எங்கே வைப்பது?

'எனக்குத் தமிழும் மலாயும் பேசத் தெரியும்' என்கிறோம். இங்கே 'உம்' இரு மொழிப் பெயர்களோடும் ஒட்டி நிற்கிறது. இதுவே எண்ணும்மை. 'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் 8 பொருள்களுள் இதுவும் ஒன்று. சொல்லோடு ஒட்டியிருப்பதால் அது இடம் தவறுவதில்லை. ஆங்கில இணைச் சொல்லோ தனித்து நிற்பது. நாம்தான் அதை உரிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

'ஐ கேன் போத் ஸ்பீக் தமிழ் அண்ட் மலாய்' என்று எழுதுவது பிழை. 'போத்' என்பதன் பின் 'ஸ்பீக்' என்ற வினை வந்துவிட்டது. பேசவும் எழுதவும் தெரியும் என்பதுபோல் இன்னொரு வினையைப் படிப்பவர் எதிர்பார்ப்பார். வருவதோ மொழியின் பெயர். 'ஐ கேன் ஸ்பீக் போத் தமிழ் அண்ட் மலாய்' என்பதே சரி. முதற்சொல்லின் பின் பெயர் வந்தால் இரண்டாம் சொல்லின் பின்னும் பெயர். வினை வந்தால் வினை. இதுதான் விதி.

இடம் மாறினால் பொருளும் மாறும். 'ஐதர் தி மேனேஜர் ஓர் தி கிளார்க் மஸ்ட் சைன் தி லெட்டர்' என்றால், மானேஜரோ கிராணியோ கையெழுத்திட வேண்டும். 'தி மேனேஜர் மஸ்ட் ஐதர் சைன் தி லெட்டர் ஓர் ரிட்டர்ன் இட்' என்றால், மானேஜர் கடிதத்தில் கையெழுத்திடவோ அதைத் திருப்பித் தரவோ வேண்டும். முன்னதில் ஆளைத் தேர்கிறோம். பின்னதில் செயலைத் தேர்கிறோம்.

மலாயில் 'புக்கான் சஹாஜா – தெத்தாப்பி ஜூகா' என்று பிள்ளைகள் படிப்பதும் 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ' போன்ற இணைதான். 'ஷி டீச்சஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ மலாய்' என்னும்போது இரண்டு இடத்திலும் மொழியின் பெயரே வருவதைக் காணலாம்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். எழுதிய வாக்கியத்தைப் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'உம்', 'ஓ' எந்தச் சொற்களோடு ஒட்டுகின்றன என்று கேளுங்கள். ஆங்கில இணைச் சொற்கள் அந்தச் சொற்களுக்கு முன்னே நிற்கட்டும்.