தொண்டை வலி விட்ட பிறகு

மழை பிடித்துக்கொண்டால் நம் பக்கத்துக் களமருதூரிலும் தொண்டை வலிதான். உப்புத் தண்ணீர், மிளகுப் பால், மெடிக்கலில் சொல்லி வாங்கிய நாலு மாத்திரை. ஒரு வாரத்தில் ஆறிவிடும். பெரும்பாலானவை வைரஸால் வருபவை; மாத்திரை இல்லாமலும் ஆறும். ஆறாத சில உண்டு. ஆறியது போலக் காட்டிவிட்டுத் திரும்புபவையும் உண்டு.

1936-ல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் 20 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். தொண்டைப் புண்ணில் தொடங்கும் நோய். 18 பேர் பிழைக்கவில்லை. கிருமி கழுத்தின் பெரிய சிரைக்குள் இறங்க, அங்கே ரத்தம் உறைந்து சீழ் பிடிக்கிறது; அது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து நுரையீரலுக்குப் போகிறது. மிக அபூர்வம், வந்தால் பெரும்பாலும் திடமான இளவயதினருக்கு. இன்று ஆன்டிபயாட்டிக் காப்பாற்றும், நேரத்தில் கண்டுபிடித்தால். அதன் அறிகுறிகள்: தொண்டை தேறி வரும் வாரத்தில் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்க்காய்ச்சல், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியும் வீக்கமும், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல். நம் பக்கத்தில் இந்தக் கழுத்து வீக்கத்தைப் 'பொன்னுக்கு வீங்கி' என்று சொல்லித் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். பொன்னுக்கு வீங்கியின் வீக்கம் காது மடலுக்குக் கீழே, தாடை முனையில் உட்காரும். இப்படி நடுங்க வைப்பதும் வழக்கமில்லை.

வாயைத் திறக்கவே முடியாமல் ஒரு பக்கம் வலித்தால் டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கலாம். குழந்தை முன்னால் குனிந்து உட்கார்ந்து, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால் நிலைமை வேறு: படுக்க வைக்காதீர்கள், கரண்டியால் நாக்கை அமுக்கிப் பார்க்காதீர்கள், தொக்கம் எடுக்க ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுக்குழல் வாசலை அடைக்கும் இந்த வீக்கத்துக்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து, 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருக்கிறது. தொண்டை அடைப்பானுக்கும் அதிலேயே காப்பு உண்டு. கல்வராயன் மலையில் ஊசி தவறிய பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் நாட்டில் அதிகம் கெடுத்தது வாதக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வீங்கும். அது வடிந்தால் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. விளையாட்டில் அடிபட்டது என்று தைலம் தேய்ப்போம். அதற்குள் இதய வால்வு புண்ணாகிவிடலாம். பல பெண்களுக்கு இது தெரிய வருவதே கர்ப்பத்தில் மூச்சு வாங்கும்போதுதான். நோய் தெரிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. தொண்டைப் புண் வந்து ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். பத்து நாளுக்கு எழுதிய மாத்திரையை வலி விட்டதும் மூன்றாம் நாளே நிறுத்துவதுதான் வம்பு.

உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையிலோ சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியிலோ மூட்டு வலிக்குச் சீட்டு எடுக்கிறவர்கள், போன மாதம் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.